சொன்னதை மட்டும் எழுது

எம்.எஸ்சி. கணிதத்தில் எங்களுக்கு வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடும் செமினார். ஒரு தேற்றத்தைப் படித்துவந்து வகுப்பின் முன்னால் நிறுவிக்காட்ட வேண்டும். மற்ற கல்லூரிகளில் பவர்பாயிண்ட் போட்டு, வரிவரியாகப் படித்துக்காட்டி, கைதட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். எங்கள் கல்லூரியிலும் முதல் வாரம் அப்படித்தான் நடந்தது. அன்றைக்கு இரண்டு பேர் இணையத்திலிருந்து ஒரே கோப்பை இறக்கி வந்து அடுத்தடுத்துக் காட்டினார்கள். இரண்டிலும் மூலையில் ஏதோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் சின்னம். செமினார் எடுத்த மேடம் புரொஜெக்டரின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி பீரோவில் வைத்துப் பூட்டினார். நாங்கள் படிப்பை முடித்து வெளியேறும்வரை அது வெளியே வரவில்லை.

அதற்குப் பதிலாக அவர் கொண்டுவந்த முறையை வேறு எங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. தேற்றத்தை இரண்டு பேர் சேர்ந்து நிறுவ வேண்டும். ஒருவர் வாய், ஒருவர் கை. வாயாக இருப்பவர் போர்டுக்கு முதுகைக் காட்டி, வகுப்பைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பேச வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. கையாக இருப்பவர் சாக்பீஸோடு நிற்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. சொன்னதை மட்டும் எழுத வேண்டும். எழுத முடியவில்லை என்றால் சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட வேண்டும். வைத்தால் செமினார் முடிந்தது.

"போர்டப் பாத்து முணுமுணுத்துக்கிட்டு எழுதறவரைக்கும் உனக்கு மேத்ஸ் வரலன்னு அர்த்தம்" என்றார் மேடம். "உன் வாயிலேர்ந்து வந்தத மட்டும் வச்சு இன்னொருத்தர் எழுதி, அது ப்ரூப்பா நிக்கணும். அப்பதான் வந்துச்சுன்னு ஒத்துப்பேன்."

மேடத்துக்குக் குரல் உயரவே உயராது. கத்துகிறவர்களைச் சமாளித்துவிடலாம், எங்கள் வீடுகளில் அதற்கெல்லாம் பழகித்தான் வந்திருந்தோம். இவர் வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற ரகம். ஒரு பையன் 'கிளியர்லி' என்று சொல்லி ஒரு படியைத் தாண்டப் பார்த்தான். "யாருக்குக் கிளியர்? உனக்கா? மூஞ்சியப் பாத்தா அப்டித் தெரியலயே" என்றார். ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழத் தொடங்கினாள். "போயி அழுதுட்டு வா. போர்டு இங்கயேதான் இருக்கும்" என்றார். அவள் நிஜமாகவே போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து மிச்சத்தைச் சொன்னாள். தவறாகப் போன வரியைப் போர்டின் மூலையில் கட்டம் கட்டி, கீழே இரண்டு பேருடைய பெயரையும் எழுதிவிடுவார். அடுத்த வெள்ளிவரை அதை யாரும் அழிக்கக் கூடாது. திங்கட்கிழமை அந்த அறைக்கு வரும் பி.எஸ்சி. பிள்ளைகள் அதைப் படித்துச் சிரிப்பார்கள்.

ஜோடியைப் பிரித்தது பஸ்ஸை வைத்து. ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள் ஒரே ஜோடி. தயாரிக்க நேரம் இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது அல்லவா. கல்லூரி இருக்கும் வில்லியனூருக்குப் பாகூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் எங்கள் வகுப்பில் இரண்டே பேர். ஒன்று நான். இன்னொன்று கிருமாம்பாக்கத்துப் பையன். பாகூரில் வண்டியை நிறுத்திவிட்டு வந்து பஸ் ஏறுவான். அவன் வீட்டில் கரும்பு, நெல் என்று சொந்த நிலம் நிறைய. கல்லூரி விழா என்றால் மைக் அவன் கையில்தான். அவன் வாய், நான் கை என்று முதல் நாளே முடிவாகிவிட்டது. என்னை யாரும் கேட்கவில்லை.

"நீ வாயத் தொறந்தன்னா பஸ்ஸே தூங்கிடும்டி. நான் பேசறேன், நீ எழுது. உன் கையெழுத்துதான் நல்லா கீதே" என்றான். பெரிய மனசு.

நான் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். கணக்கு வரும். ஆனால் ஆங்கிலத்தில் நாலு பேர் முன்னால் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டுமென்றால் 'அதாவது' என்று தொடங்கி, தொண்டையைச் செருமி, எதற்கென்றே தெரியாமல் 'சாரி' சொல்லி, அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வருவேன். அவனுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஒன்றுமே தெரியாமல் கால் மணி நேரம் பேசுவான். 'அப்படியானால் இது ரொம்பச் சின்னதாகிவிடும்' என்பான். எது சின்னது, எதைவிடச் சின்னது, எந்தப் புள்ளிக்கு என்று ஒன்றும் இருக்காது. நான் போர்டில் சரியான அளவைச் சரியான குறியோடு எழுதிவிடுவேன். 'ஏதோ ஒரு புள்ளி' என்று அவன் சொன்னால் என் கை 'ஒவ்வொரு புள்ளிக்கும்' என்று எழுதும். விதிப்படி அது திருட்டு. ஆனால் கட்டம் கட்டினால் என் பெயரும்தானே கீழே வரும்? அதோடு, தப்பான வரியை என் கையால் எழுதுவது எனக்கு அருவருப்பு. சோற்றில் கிடக்கும் கல்லைத் தெரிந்தே மெல்ல முடியுமா?

இப்படியே மூன்று செமஸ்டர் ஓடியது. எங்கள் ஜோடியின் பெயர் மூலைக் கட்டத்தில் வரவே இல்லை. 'நல்லா பேசுறான்யா' என்ற பேர் அவனுக்கு. வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்பார்கள். கை மட்டும் உள்ள பிள்ளை சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு நின்றது. எனக்கு எரிச்சல் இல்லை என்று சொன்னால் பொய். பஸ்ஸில் அவன் பக்கத்து சீட்டில் சாய்ந்து தூங்கும்போது ஜன்னல் கம்பியில் தலை இடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். இடிக்கும். மறுபடியும் தூங்கிவிடுவான்.

கடைசி செமஸ்டரில் மேடத்துக்கு ஓர் ஆராய்ச்சித் திட்டம் கிடைத்தது. அதில் மாணவருக்கு ஒரே ஓர் இடம். மாதாமாதம் உதவித்தொகை, அப்படியே பிஎச்.டி.க்குப் பதிவு. வெளியிலிருந்து தேர்வாளர் ஒருவர் வந்து இறுதி செமினாரைப் பார்த்து, யாருக்கு அந்த இடம் என்று சொல்வார் என்றார்கள். வீட்டில் சொன்னேன். அப்பா குத்தகை நிலத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"அது கெடச்சா படி. நான் வேணான்னு சொல்லமாட்டேன்" என்றார். "கெடைக்கலன்னா பி.எட்.டு சேந்துட்டு ஏதாவது பள்ளிக்கூடத்துக்குப் போ. அதுக்குமேல என்னாண்ட எதுவும் கேக்காத."

அப்பா ஒரு சொல் சொன்னால் ஒரு சொல்தான். ஆகவே எனக்கு அந்த ஓர் இடம் என்பது என் வாழ்வில் மீதமுள்ள கணிதம் முழுவதும். கிருமாம்பாக்கத்தானுக்கும் அது வேண்டும்தான். எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். "சும்மா, கெடச்சா வூட்ல பெருமையா சொல்லிப்பாங்க" என்றான். கரும்பு தின்னக் கூலி கேட்கிறவனிடம் என்ன பேசுவது?

இறுதி செமினார் அன்று காலையில் மேடம் ஒரு மாற்றம் சொன்னார். எல்லா ஜோடியும் பாதித் தேற்றத்தில் இடம் மாற வேண்டும். வாய் கையாகும், கை வாயாகும். நடையில் அவனைப் பிடித்து, "டேய், நான் பேசறப்ப கொஞ்சம் பாத்து எழுது. தப்பித் தவறி ஏதாவது சொல்லிட்டாலும் நீ சரியா போட்டுடு. நான் இவ்ளோ நாளா செஞ்சேன்ல" என்றேன்.

அவன் சிரித்தான். "இன்னா செஞ்ச?"

உண்மையாகவே அவனுக்குத் தெரியாதோ என்று எனக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது. பிறகு, "கவலப்படாத, நான் பாத்துக்கறேன்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

தேர்வாளர் வயதானவர். சால்வையையும் இளநீரையும் வாங்கிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். பேனாவைத் திறக்கவில்லை. எங்கள் தேற்றம், காம்பாக்ட் வெளி என்று சொல்லப்படும் இடத்தில் தொடர்ச்சியாக இருக்கும் ஒரு சார்பு, எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தொடர்ச்சியாக இருக்கும் என்பது. முதல் பாதியை அவன் பேசினான். வழக்கம்போல் வழவழவென்று. நான் வழக்கம்போல் ஒட்டுப்போட்டு எழுதினேன். தேர்வாளர் தலையை ஆட்டினார். மேடம், "மாறுங்க" என்றார்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரே எல்லா முகமும் என்னைப் பார்த்தது. பின்னால் போர்டு இருக்கிறது என்ற நினைப்பே முதுகைச் சுட்டது. "அதாவது..." என்றேன். செருமினேன். "சாரி சார்" என்றேன். பின்னால் சாக்பீஸ் ஓடும் சத்தம் கேட்டது. நான் இன்னும் கணக்காக ஒன்றுமே சொல்லவில்லையே, இவன் என்ன எழுதுகிறான்? முதல் வரிசையில் ஒருத்தி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பின் வரிசை வெளிப்படையாகவே சிரித்தது. 'லெட்' என்று தொடங்கி, இல்லை, முதலில் இன்னொன்று சொல்ல வேண்டும் என்று நினைவு வந்து, "இல்ல இல்ல" என்றேன். மறுபடியும் சாக்பீஸ் ஓடியது. இப்போது சிரிப்பு அறை முழுக்கப் பரவிவிட்டது.

தேர்வாளர் என்னைப் பார்த்து, "ஏம்மா, ப்ரூப்ல 'சாரி'க்கு என்ன வேலை?" என்றார்.

அப்போதுதான் புரிந்தது. அவன் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டிருந்தான். 'அதாவது', 'சாரி சார்', 'இல்ல இல்ல', எல்லாம். சொன்னதை மட்டும் எழுது என்பதுதானே விதி? அதில் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியாது. மூன்று செமஸ்டர் அவன் உளறலுக்கு நான் சட்டை தைத்துப் போட்டேன். அவன் ஐந்து நிமிடத்தில் என்னை அம்மணமாக நிறுத்திவிட்டான். மேடத்தைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்கட்டும் என்ற முகம்.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம் வந்தது. வந்தபோது ஓர் ஆச்சரியம் நடந்தது: தொண்டை தெளிந்துவிட்டது. மனதுக்குள் அந்த நிறுவல் கண்ணாடிபோல் முழுதாகத் தெரிந்தது. அதில் ஓர் இடம் உண்டு, அதைப் புரிந்துகொள்ளாதவர்கள் மனப்பாடம்தான் செய்ய வேண்டும். அவனுக்கு அது புரியாது என்பது எனக்குத் தெரியும். பஸ்ஸில் படிக்கும்போது அந்தப் பக்கம் வந்தாலே தூங்கிவிடுவான். அந்த இடத்தை ஒரே வாக்கியமாகச் சொன்னேன். எந்தப் புள்ளிக்கும் பெயர் வைக்கவில்லை, எந்த அளவுக்கும் எழுத்து வைக்கவில்லை. டெல்டா இல்லை, எக்ஸ் இல்லை. இலக்கணச் சுத்தமான, நீளமான ஆங்கிலத்தில், முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில். புரிந்தவர்களுக்கு அது ஒரு வரி. புரியாதவர்களுக்கு முன்பாதி சொல்லி முடிப்பதற்குள் பின்பாதி தலைக்கு மேல் போய்விடும்.

சாக்பீஸ் நாலு சொல் ஓடியது. நின்றது.

அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் மூச்சுவிடுகிற சத்தம் எனக்குப் பின்னால் கேட்டது. கேள்வி கேட்க அவனுக்கு அனுமதி இல்லை. திரும்பிப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை. நான் அவசரப்படாமல் அதே வாக்கியத்தை, அதே வேகத்தில், ஒரு சொல் மாறாமல் மறுபடியும் சொன்னேன். சாக்பீஸ் கொஞ்சம் ஓடி, எதையோ அழித்து, மறுபடி நின்றது. மூன்றாவது தடவையும் சொன்னேன். அதில் எனக்கு எவ்வளவு இன்பம் இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் ஆங்கிலம் பேசியதே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து மேசைமேல் சாக்பீஸ் வைக்கும் சத்தம் கேட்டது.

தேர்வாளர் எழுந்து போர்டின் அருகே போனார். முழுதும் படித்தார். பிறகு என் பக்கம் வந்தார்.

"நீங்க சொன்ன ப்ரூப் சரிதாம்மா. ஒரு ஓட்டையும் இல்ல" என்றார். "அத யாருக்குச் சொன்னீங்க?"

"இவனுக்குத்தான் சார்."

"இவர்கிட்ட வந்து சேரலயே."

"அவனுக்கு அந்த ஸ்டெப் புரியாது சார். அதனாலதான் எழுத முடியல."

"புரியாதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"அவர் எழுத முடியாம நின்னார். அது அவருக்கு மைனஸ். நீங்க எழுத விடாம சொன்னீங்க. அது உங்களுக்கு அதவிடப் பெரிய மைனஸ். போர்டுல ப்ரூப் பாதியில நிக்குது பாருங்க. இதத்தானே ரெண்டு வருஷமா உங்க மேடம் சொல்லிக்கொடுத்தாங்க?"

மேடம் எழுந்து போய், பாதியில் நின்ற அந்த வரியை 'சாரி சார்' உட்படக் கட்டம் கட்டி, கீழே எங்கள் இரண்டு பேர் பெயரையும் எழுதினார். இடம் வேறொரு பெண்ணுக்குப் போனது. வில்லியனூர்க்காரி. பி.எஸ்சி. முதலாண்டுப் பாடத்தில் வரும் ஒரு தேற்றத்தை எடுத்துக்கொண்டு, குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல் வாய்வாயாகச் சொன்னாள். அவளுடைய ஜோடி ஒரு மந்தம். அவன்கூட அதைக் கடைசிவரை எழுதிவிட்டான். கைதட்டினார்கள். நானும் தட்டினேன், சும்மா இருந்தால் பொறாமை என்பார்கள். பொறாமைதான்.

சாயங்காலம் வில்லியனூரில் பாகூர் பஸ் ஏறினேன். இன்றைக்காவது தனியாக விடமாட்டானா என்று பார்த்தால், அவனும் ஏறி என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். மூஞ்சியில் எந்த வெட்கமும் இல்லை. பஸ் கரிக்கலாம்பாக்கத்தைத் தாண்டியது.

"அந்த லைன் இன்னாடி சொன்ன?" என்றான். "எழுத்துப் பரீட்சைல இந்தத் தியரம் வரும்ல. சொல்லு."

"ஏன்டா சாரி எல்லாம் எழுதன?"

"நீதான சொன்ன. ரூல் அதானே." பிறகு, "அந்த எடம் எனக்கும் வேணும்ல" என்றான். குற்றவுணர்ச்சி இல்லாமல், மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னான்.

அவனை அறையலாம் போலிருந்தது. கண்டக்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முட்டாளுக்கு அவன் முட்டாள் என்று நிரூபித்துவிட்டாவது இறங்கலாம் என்ற வெறியில் சொல்லத் தொடங்கினேன். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. சாலையோரக் கம்பங்களில் விளக்கு எரியத் தொடங்கியிருந்தது.

"தோ, அந்த லைட்டுக் கம்பத்தப் பாரு. ஒவ்வொரு கம்பத்துக்கும் வெளிச்சம் ஒரு தூரம் வரைக்கும் போவுது. சிலதுக்கு நெறைய, சிலதுக்குக் கம்மி. சரியா?"

"சரி."

"ஆனா அதுல பாதி தூரத்துக்குத்தான் போவுதுன்னு வச்சுக்க. அந்தப் பாதிய வச்சே ஊரு ஃபுல்லா எடம் விடாம கம்பம் நட்டுட்டோம். எண்ணிடற அளவுக்குத்தான் கம்பம். அதுல எது ரொம்பக் கம்மியான பாதியோ, அத நெனப்புல வச்சுக்க."

"ம்."

"இப்ப நீ எங்க நின்னாலும் ஏதோ ஒரு கம்பத்தோட பாதிக்குள்ள நிப்ப. நான் உன்னாண்டேர்ந்து அந்தக் கம்மியான பாதிக்கும் உள்ள தள்ளி நிக்கறேன். அப்ப எனக்கு?"

அவன் ஜன்னல் வழியாகக் கம்பத்தைப் பார்த்தான். கண்ணைச் சுருக்கினான்.

"பாதியும் பாதியும்... நீயும் அதே கம்பத்து வெளிச்சத்துலதான் நிப்ப" என்றான். "ரெண்டு பேரும் ஒரே கம்பம். அதான் ஃபர்ஸ்டே பாதி ஆக்கணுமா?"

"ஆமா."

"எங்க நின்னாலும் அதே தூரந்தான். அதனாலதான் ஒரே சீரா?"

"ஆமாடா."

பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதத் தொடங்கினான். பஸ் குலுங்கியதில் கையெழுத்து கோணல். ஆனால் ஒவ்வொரு படியும் சரியாக, புள்ளிக்குப் பெயர் வைத்து, அளவுக்கு எழுத்து வைத்து, கடைசி வரிவரை எழுதினான். ஓரிடத்தில்கூட நான் திருத்த வேண்டியிருக்கவில்லை. திருத்த முடியுமா என்று தேடிப்பார்த்தேன்.

"இவ்ளோதானா?" என்றான். "அங்கயே இப்டிச் சொல்லியிருந்தா எழுதியிருப்பனே. எடம் உனக்கு வந்திருக்கும்."

நான் இப்போது மதகடிப்பட்டுப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறேன். அன்றைக்கு மறுபடியும் அந்த நாற்காலியில் உட்கார வைத்தாலும் அதே வாக்கியத்தைத்தான் சொல்வேன் என்று பல வருடம் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். தேர்வாளர் சொன்னதில் எங்காவது ஓர் ஓட்டை இருக்கும் என்றும் நம்பப் பார்த்தேன். ஆனால் அந்தப் பஸ்ஸில் அவன் உள்ளங்கையைப் பார்த்தபோதே அப்படி ஓர் ஓட்டை இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்றைக்குப் பாகூர் வந்ததும் அவன் வண்டியை எடுக்கப் போனான். நான் வீட்டுக்கு நடந்தேன். அப்பா வாசலில் நின்றிருந்தார்.

"இன்னா ஆச்சு?" என்றார்.

"கெடைக்கல."

"சரி" என்றார். "கை கால் கழுவிட்டு வந்து சாப்டு."